ஐந்நூறு மீற்றருக்கு அப்பால்: ஸ்வால்பார்ட் பனிப்பயணத்தின் கடைசி நாட்கள்

பதின்மூன்றாம் நாள், ஏப்ரல் 16

நேற்று மாலை வடகிழக்கிலிருந்து எழுந்த காற்று இன்று நாள் முழுவதும் ஓயாமல் வீசியதால், ஐவரும் இரண்டு கூடாரங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தோம். படப்பிடிப்பு எதுவும் நடக்கவில்லை. இந்தக் குறிப்பையும் நித்திரைப் பைக்குள் இருந்தபடியே எழுதுகிறேன். காற்று தணிந்ததும் செயற்கைக்கோள் கருவி வழியாக எழுத்தை மட்டும் அனுப்பிவைப்பேன். படங்களுக்கு நாங்கள் நகரம் போய்ச் சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இன்றுதான் வாசிக்கத் தொடங்குவோருக்காக இடத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நோர்வேக்கு வடக்கே ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் கிழக்குக் கரையில், மோன்புக்தா என்னும் சிறு விரிகுடாவின் ஓரத்தில் இருக்கிறோம். விரிகுடாவின் தலைப்பக்கத்தில் பனியாறுகள் கடலுக்குள் இறங்கி நிற்கின்றன. அவற்றின் முன்னால் கரையோடு ஒட்டி உறைந்த கடற்பனி. வானம் தெளிந்திருந்தால் அதற்கும் அப்பால் பேரன்ட்ஸ் தீவு நீலக் கோடாகத் தெரியும். தீவின் மேற்குக் கரையை அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தின் கிளை ஒன்று தொட்டுச் செல்கிறது. மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஃபியோர்டு என்னும் கடற்கால்கள் பல அங்கே இப்போதெல்லாம் குளிர்காலத்திலும் சரிவர உறைவதில்லை. கிழக்குக் கரைக்கு வருவது ஆர்க்டிக்கின் குளிர்நீர். பனிக்கரடியையும் சீல் என்னும் கடல்நாயையும் தேடுவோர் ஏப்ரலில் தீவைக் குறுக்கே கடந்து இந்தப் பக்கம் வருவது அதனால்தான்.

இயக்குநர், ஒளிப்பதிவாளர், அவருடைய உதவியாளர், வழிகாட்டி, ஒலிப்பதிவுக்கு நான் என ஐந்து பேர், ஆளுக்கொரு ஸ்னோமொபைல். நோர்வேக்காரர்கள் இதை ஸ்கூட்டர் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதிவருகிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சறுக்குவண்டி. அவற்றில் பெற்றோல் கலன்கள், கூடாரம், அடுப்பு, உணவு, கயிறு, மண்வெட்டிகள், அலுமினியப் பெட்டிகளுக்குள் கமராக்கள் எல்லாம் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஸ்கூட்டர்களைக் கடற்பனிமேல் நாங்கள் ஏற்றுவதில்லை. பனியாறு முன்னொரு காலத்தில் தள்ளிக் குவித்துவிட்டுப் போன கற்குவியல் மேட்டின் மறைவில், நிலத்திலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் படப்பிடிப்புக்குப் போகிறோம்.

இந்தப் பயணத்தில் ரெயின்டீர் மான்களும், ஆர்க்டிக் நரியும், குளிர்காலம் முழுவதும் இந்தத் தீவுகளிலேயே தங்கிவிடும் ஒரே நிலப்பறவையான வெண்ணிறப் பனிக்கௌதாரியும் எங்களுக்குக் கிடைத்துவிட்டன. தனியே அலையும் ஆண் கரடி ஒன்றையும் வெகுதொலைவில் எடுத்தோம். கிடைக்காதது இரண்டு: குட்டிகளோடு வேட்டையாடும் தாய்க்கரடி, பனிக்கு அடியில் எழும் சீலின் குரல். இரண்டாவது என் பொறுப்பு. திரும்புவதற்கு நான்கு நாட்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று இப்படிக் காற்றோடு போயிற்று.

காற்றானாலும் காவல் நிற்பதை விட முடியாது. கூடாரங்களைச் சுற்றி முழங்கால் உயரத்தில் இடறுகம்பி கட்டியிருக்கிறோம். கரடி அதைத் தட்டினால் வெடிச்சத்தத்தோடு ஒளிச்சுடர் எழும். ஆனால் காற்று வாரியிறைக்கும் பனி சில மணி நேரத்திலேயே கம்பியை மூடிவிடுவதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக வெளியே நிற்கிறோம். காவலிருப்பவரிடம் ஒளிக்குண்டுத் துப்பாக்கியும் ரைஃபிளும் இருக்கும். ரைஃபிள் உயிராபத்தின் கடைசிக் கணத்துக்கு மட்டுமே. 1973 முதல் இங்கே கரடி வேட்டை முற்றாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. தற்காப்புக்காகச் சுட நேர்ந்தாலும் ஆளுநர் அலுவலகம் அதை ஒரு கொலை வழக்கின் கவனத்தோடு விசாரிக்கும்.

என் காவல் அதிகாலை இரண்டு முதல் நான்கு வரை. ஐந்து மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. 1980களில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஊர்களுக்கு வந்துசேர்ந்த ஈழத்தமிழர்களில் என் அப்பாவும் ஒருவர். இறுக்கமான கையுறை போடாதே, மெல்லியதாக இரண்டும் அவற்றின்மேல் தளர்வாக ஒன்றும் போடு என்று சிறுவயதில் அவர் சொல்லித்தந்ததைத்தான் இந்த இரண்டு மணி நேரமும் நம்பி நின்றேன். விரல்கள் பத்தும் நலம்.

பதினான்காம் நாள், ஏப்ரல் 17

விடியற்காலையில் காற்று நின்றது. கூடாரத்திலிருந்து வெளியே வந்தபோது, ஸ்கூட்டர்கள் இருந்த இடத்தில் ஐந்து நீண்ட மேடுகள் மட்டுமே இருந்தன. தோண்டி எடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. மாவு போன்ற பனி எஞ்சின் மூடிக்குள்ளும் புகுந்து இறுகியிருந்ததால், தூரிகையால் அதைக் கூட்டியெடுத்த பிறகுதான் கிளப்பிப் பார்த்தோம். ஐந்தும் உயிர்பெற்றன. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 19 பாகை.

பிற்பகலில் வழிகாட்டியும் நானும் கரையோரக் கடற்பனியில் நடந்து இறங்கினோம். கடற்பனி கரையோடு ஒட்டும் இடத்தில் எப்போதும் ஒரு வெடிப்பு இருக்கும். நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்கும்போது மிதக்கும் பனியும் அதனோடு ஏறி இறங்குகிறது, நிலத்தில் உறைந்த பனியோ அசைவதில்லை. இரண்டும் பிரியும் கோடுதான் அந்த வெடிப்பு. அதைத் தாண்டிச் சில அடிகளுக்கு ஒருமுறை வழிகாட்டி துளையிட்டுத் தடிப்பை அளந்தார். 80 சென்ரிமீற்றர் காட்டிய ஓர் இடத்தில், கை அகலத்தில் ஒரு துளை போட்டு நீரடி ஒலிவாங்கியை இறக்கினோம்.

இந்தக் குளிரில் அதன் வயர் கம்பிபோல விறைத்துவிடுகிறது. வளைத்தால் உள்ளே முறியக்கூடும் என்பதால், காலையிலிருந்து அதை என் உடுப்புக்குள் வயிற்றோடு சுற்றி வைத்திருந்தேன். பற்றரிகளுக்கும் அங்கேதான் இடம். வெளியே விட்டால் முழுமையாக ஏற்றிய பற்றரியும் சிறிது நேரத்தில் சோர்ந்துவிடும். ஒலிவாங்கி பத்து மீற்றர் ஆழத்துக்குப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துளையருகே விரித்த பாயில் குப்புறப் படுத்தேன். வழிகாட்டி சற்றுத் தள்ளி எனக்கு முதுகைக் காட்டி நின்று தொலைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பனியின் சத்தம் மட்டுமே. பழைய வீட்டுக் கதவு மெல்லத் திறப்பதுபோன்ற ஒரு முனகல், நீண்ட இடைவெளி, பிறகு மணற்பை ஒன்று விழுவதுபோன்ற அதிர்வு. கடல் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் வேறெதுவும் இல்லை.

அதன் பிறகு அது வந்தது. மிக உயர்ந்த சுருதியில் தொடங்கி, நடுங்கிக்கொண்டே சுழன்று சுழன்று கீழிறங்கும் ஒரு குரல். நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் மேற்சட்ஜத்திலிருந்து ஒரே மூச்சில் கமகங்களோடு மந்திரம்வரை இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மூச்சு எந்த மனிதராலும் பிடிக்க முடியாத அளவுக்கு நீள்கிறது. முதல் அழைப்பு ஒரு நிமிடத்தையும் கடந்தது. இறுதியில் சுருதி கரைந்து, ஒரு பெருமூச்சுப்போல முடிந்தது. தாடி சீல் எனப்படும் பெரிய சீலின் ஆண் வசந்தகாலத்தில் இப்படித்தான் பாடும். பெண்ணை அழைக்கவும் தன் எல்லையை மற்ற ஆண்களுக்கு அறிவிக்கவும் பாடுகிறது என்று உயிரியலாளர்கள் சொல்கிறார்கள். தண்ணீருக்குள் இக்குரல் பல கிலோமீற்றர் பரவும் என்பதால், பாடியவர் எங்கே இருந்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிறிது நேரத்தில் இன்னொரு குரல் மெல்லிதாகச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் முறைவைத்துப் பாடின.

ஹெட்போனைக் கழற்றியபோது வெளியே முழு அமைதி. இத்தனை பாட்டும் என் மார்புக்குக் கீழே எண்பது சென்ரிமீற்றர் பனிக்கு அப்பால் நடந்துகொண்டிருக்க, மேலே ஓர் இலை அசையும் ஓசைகூட இல்லை. அசைவதற்கு இங்கே மரமும் இல்லை. ஹெட்போனை வழிகாட்டியிடம் கொடுத்தேன். இருபது ஆண்டுகளாக இந்தத் தீவில் வாழ்பவர். நெடுநேரம் கண்ணை மூடிக் கேட்டார், ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார், சிறிது நேரங்கழித்து மறுபடியும் கையை நீட்டினார்.

இரண்டு மணி நேரப் பதிவு சுத்தமாக இருக்கிறது. தூரத்தில் ஒரே ஒரு ஸ்கூட்டர் ஓடியிருந்தாலும் அதன் இரைச்சல் பனி வழியாக இறங்கி இதைக் கெடுத்திருக்கும்.

பதினைந்தாம் நாள், ஏப்ரல் 18

காலை 9.40 மணிக்கு, தொலைநோக்கியில் இருந்த உதவியாளர் கையை உயர்த்தினார். பனியாற்றின் முகப்பை ஒட்டி, உறைந்த கடலில் சிக்கி நிற்கும் பனிக்கட்டிப் பாறைகளுக்கு நடுவே, பாலேட்டின் நிறத்தில் ஒரு புள்ளி நகர்ந்தது. பனிக்கரடியைப் பனியில் காண முடியாது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் உரோமத்துக்கு ஒரு மஞ்சள் சாயை உண்டு, நல்ல வெளிச்சத்தில் நீலம் கலந்த பனிக்கு முன்னால் அது துலக்கமாகவே தெரியும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இன்னும் வெண்மையாக இரண்டு சிறு புள்ளிகள். தூரமானி 820 மீற்றர் காட்டியது.

தாய்க்கரடி ஏன் பனியாற்று முகப்பைத் தேடி வருகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பனியாற்றிலிருந்து உடைந்து விழும் கட்டிகள் கடல் உறையும்போது அங்கங்கே சிக்கிக்கொள்கின்றன. காற்று கொண்டுவரும் பனி அவற்றின் மறைவில் ஆழமாகக் குவிகிறது. உடலில் வளையக் குறிகள் கொண்ட சிறிய சீல்கள், தம் நகங்களால் சுரண்டித் திறந்தே வைத்திருக்கும் மூச்சுத்துளைகளுக்கு மேலே, அந்தக் குவியலுக்குள் அறை குடைந்து ஏப்ரலில் குட்டி ஈனுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் பனிமேடு மட்டுமே தெரியும். கரடியோ மோப்பத்தால் உள்ளே இருப்பதை அறிந்துகொள்ளும். அந்தத் தாய் இலையுதிர்காலத்தில் பனிக்குகைக்குள் போனவள். நடுக்குளிரில், அரைக்கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள குட்டிகளை ஈன்று, மார்ச்சிலோ ஏப்ரலிலோ வெளியே வரும்வரை ஒன்றும் உண்ணாமல் தன் கொழுப்பிலிருந்தே பாலூட்டியிருக்கிறாள். இப்போது அவளுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சீலும் அந்த இரண்டு குட்டிகளின் உயிர்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, மார்ச் முதல் ஜூன் முடியக் கரடிக்கு 500 மீற்றருக்குள் எவரும் போகக்கூடாது என்பது இங்குள்ள சட்டம். மற்ற மாதங்களில் 300 மீற்றர். தூரம் எதுவானாலும் கரடியைத் தொந்தரவு செய்வதும், பின்தொடர்வதும், கவர்ந்திழுப்பதும் குற்றம். எங்கள் கமராவில் இருப்பது 50 முதல் 1000 மில்லிமீற்றர் வரை நீளும் லென்ஸ். இப்படிப்பட்ட லென்ஸ்கள் வந்த பிறகு, அருகில் போனால்தான் நல்ல படம் கிடைக்கும் என்ற வாதம் எனக்குச் சிறிதும் ஏற்புடையதாக இல்லை.

கற்குவியல் மேட்டின் விளிம்பில் ஐவரும் படுத்தபடியே பார்த்தோம். காற்று மிக மெல்லியதாகக் கரடியின் பக்கமிருந்து எங்களை நோக்கி வந்தது. ஒளிப்பதிவாளர் முக்காலியின் தலையை முன்னிரவே கூடாரத்துக்குள் வைத்துச் சூடேற்றியிருந்தார். உள்ளிருக்கும் எண்ணெய் குளிரில் தடித்துவிட்டால் கமரா சீராகத் திரும்பாது. தாய் பனிக்கட்டிகளுக்கு இடையே நின்றும் நடந்தும் வந்து 690 மீற்றரில் ஒரு மேட்டின் முன்னால் அசையாமல் நின்றாள். குட்டிகளும் அவளுக்குப் பின்னால், யாரோ சொல்லிவைத்ததுபோல, அப்படியே உட்கார்ந்துவிட்டன. நான்கு நிமிடம் கழிந்தது. திடீரெனப் பின்னங்கால்களில் எழுந்து, உடலின் முழுப் பாரத்தையும் முன்னங்கைகளில் ஏற்றி மேட்டின்மேல் விழுந்தாள். பனி உடைந்து சிதறிய ஓசை ஏறக்குறைய இரண்டு விநாடி கழித்துத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. தலை முழுவதையும் துளைக்குள் விட்டு, முதுகு மட்டும் வெளியே தெரியத் தோண்டினாள்.

ஒன்றும் இல்லை. சீல் துளை வழியாகத் தண்ணீருக்குள் தப்பியிருக்க வேண்டும். இத்தகைய பாய்ச்சல்களில் பெரும்பாலானவை வெறும் பனியில்தான் முடிகின்றன. தாய் விலகியதும் குட்டிகள் இரண்டும் ஓடிப்போய் அதே துளைக்குள் தலையை விட்டுப் பார்த்தன. ஒன்று மற்றொன்றின் பிடரியில் ஏறி உள்ளேயே விழுந்து, பின்கால்களை உதைத்துக்கொண்டு வெளியே வந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தாய் ஒரு பனிக்கட்டியில் முதுகைச் சாய்த்து மனிதரைப்போல அமர்ந்தாள். குட்டிகள் இருபுறமும் ஏறி மார்பில் முகம் புதைத்தன. ஆறு மாதங்களாகத் தன் உடலையே உருக்கிக்கொண்டிருப்பவள், அப்போதுதான் ஒரு வேட்டையில் தோற்றவள், மூக்கை வானத்தை நோக்கி உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். கமரா ஓடிக்கொண்டிருந்தது. எவரும் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கவில்லை. இயக்குநரின் கண்ணிலிருந்து வழிந்த நீர் கன்னத்திலேயே உறைந்திருந்ததைப் பின்னர்தான் கண்டேன்.

படுத்திருந்து கைகால்கள் விறைக்கத் தொடங்கியதால் வழிகாட்டி தேநீர்க் குடுவையை என்னிடம் தள்ளினார். ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்துக் கல்லில் வைத்தேன். சிறிது நேரத்தில் தாய் தலையைத் திருப்பினாள். எங்கள் மேட்டை நேராகப் பார்த்தாள். கழுத்தை நீட்டிக் காற்றை முகர்ந்தாள். குட்டிகள் பாலை விட்டுவிட்டு எழுந்து நின்றன. காற்று திசை மாறியிருக்க வேண்டும் என்று எல்லோரும் எண்ணினோம்.

ஒளிப்பதிவாளர் வலப்புறமாக ஊர்ந்து இன்னொரு மேட்டுக்குப் போக விரும்பினார். அங்கிருந்து 550 மீற்றர் இருக்கும், கதிரவனும் கரடிக்குப் பின்னால் வரும், சட்டத்துக்கும் உட்பட்டதுதான். வழிகாட்டி தலையை அசைத்தார். “அவள் தான் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டாள். அப்படியென்றால் நாங்கள் இருக்கும் இடமே மிஞ்சிப்போன கிட்டம்” என்றார். ஒளிப்பதிவாளர் ஒரு கணம் அவரையே பார்த்துவிட்டுக் கமராவை நிறுத்தி லென்ஸை மூடினார். அவர் நிறுத்த மறுத்து ஊர்ந்து போயிருந்தால் நானும் பின்னால் போயிருப்பேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மேட்டின் பின்சரிவில் இறங்கினோம். ஸ்கூட்டரைக் கிளப்பினால் இரைச்சல் கேட்டு அவள் குட்டிகளோடு ஓடக்கூடும் என்பதால், அவள் தன் போக்கில் விலகும்வரை காத்திருப்பதென்று தீர்மானித்தோம். ஓடும் கரடியின் உடல் மிக விரைவில் சூடேறிவிடும், குட்டிகளோ விரைவில் களைத்துவிடும். மூன்று மணி நேரம் சறுக்குவண்டிகளின் மறைவில் குந்தியிருந்தோம். உதவியாளர் மட்டும் ஊர்ந்து ஏறி அவ்வப்போது பார்த்துவந்தார். ஒரு மணிக்குச் சற்று முன் மூன்று புள்ளிகளும் வடக்கு முனையைச் சுற்றி மறைந்தன.

பால் குடிக்கும் காட்சி ஆறு நிமிடமும் சில விநாடிகளும் பதிவாகியிருக்கிறது.

பதினாறாம் நாள், ஏப்ரல் 19

கரடி வரவில்லை. பதினொரு மணி நேரம் முறைவைத்துப் பார்த்தோம். மூச்சுத்துளையருகே வெயில் காய்ந்த சீல் ஒன்று, சில விநாடி உறங்குவதும் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்ப்பதுமாக நாளைக் கழித்தது. கறுப்புக் கில்லெமொட் கடற்பறவைகள் சில, பனி விலகிய நீர்ப்பரப்பை நோக்கிப் பறந்தன. நண்பகலில் பனிப்பரப்பின்மேல் காற்று அலைபோல நடுங்கியதால் நீண்ட லென்ஸில் எதுவும் கூர்மையாக விழவில்லை. மாலையில் பொருட்களைக் கட்டினோம்.

பதினேழாம் நாள், ஏப்ரல் 20

இதை எழுதும்போது நள்ளிரவு கடந்துவிட்டது, வடக்கே அடிவானத்தை ஒட்டிக் கதிரவன் நிற்கிறது. இனி ஆகஸ்ற் பிற்பகுதிவரை இங்கே அது மறையாது.

காலை ஆறு மணிக்கு மோன்புக்தாவை விட்டோம். கூடாரம் இருந்த இடத்தில் ஒரு தேயிலைத் தூள்கூட விடாமல் பொறுக்கியெடுத்த பிறகே புறப்பட்டோம். பனியாற்றில் ஏறி, நூர்மன்ஸ்ஃபொன்னா என்னும் பனித்தொப்பியைக் கடந்து, மேற்கே ரபோ பனியாற்றின் வழியாகச் சாசென்டாலன் பள்ளத்தாக்கில் இறங்குவது எங்கள் பாதை.

பனித்தொப்பியின் உச்சியை அடைந்தபோது முகில் இறங்கிவிட்டது. அங்கே முகில் என்பது வானத்தை மறைப்பதோடு நிற்பதில்லை. நிழல் முழுவதும் அழிந்துவிடுவதால் மேடும் பள்ளமும் ஒன்றாகி, ஸ்கூட்டர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதே தெரியாமல் போகிறது. ஒருமுறை நான் வண்டியை நிறுத்திவிட்டதாக எண்ணிக் காலை ஊன்றியபோது பனி இன்னும் வழுக்கிக்கொண்டு போனது. வழிகாட்டி வரும்போது ஜீபிஎஸ்ஸில் பதிந்துவைத்த தடத்தை இம்மி பிசகாமல் பின்பற்றினார். அந்தத் தடத்தில் பனிப்பிளவு இல்லை என்று அவர் அறிவார். அதிலிருந்து ஐம்பது மீற்றர் விலகினால் அந்த உறுதி இல்லை. பிளவின்மேல் பனி பாலம்போல மூடியிருக்கும், பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஐந்து வண்டிகளும், முன்னால் போகும் செவ்விளக்கு மங்கலாகத் தெரியும் இடைவெளியில், நடைவேகத்தில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தன.

ரபோ பனியாற்றில் வேறு சிக்கல். சென்ற வார இறுதியில் வெப்பம் சுழியத்தைத் தொட்டு மழை தூறியதாலோ என்னவோ, கீழ்ப்பகுதி கண்ணாடியாக இறுகியிருந்தது. ஸ்கூட்டரின் சங்கிலிப்பட்டை சுழன்று தூவும் தளர்பனிதான் எஞ்சினின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். தளர்பனி இல்லாவிட்டால் எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். சங்கிலிப்பட்டையைத் தாங்கும் சட்டங்களிலிருந்து தொங்கும் கீறுகம்பிகளை இறக்கிவிட்டோம், அவை பனியைச் சுரண்டித் தூளாக்கி மேலே எறியும். அப்படியிருந்தும் என் வண்டியில் எச்சரிக்கை விளக்கு இருமுறை எரிந்தது. மண்வெட்டியால் பனியை வெட்டி எஞ்சினின் அடித்தட்டில் திணித்துக் குளிரவிட்ட பிறகே நகர முடிந்தது.

அந்த மழைதான் சாசென்டாலனில் மனதை உறுத்தியது. ஸ்வால்பார்ட்டின் ரெயின்டீர் குட்டைக்காலும் உருண்டை உடலும் கொண்ட தனித் துணையினம், உலகில் வேறெங்கும் இல்லை. வேட்டையால் அருகிப்போய் 1925இல் பாதுகாக்கப்பட்டு மீண்டும் பெருகியது. இங்கே ஓநாய் இல்லாததால் ஓடிப் பழகாத மிருகம். குளிர்காலத்தை அசையாமல் நின்றே கடத்தும். பனியைக் குளம்பால் விலக்கி அடியிலுள்ள பாசியையும் புல்லையும் மேயும். குளிர்காலத்தில் மழை பெய்து உறைந்தால் நிலத்துக்கும் வாய்க்கும் இடையில் ஒரு கண்ணாடித் தகடு விழுந்துவிடுகிறது. பள்ளத்தாக்கின் தென்சரிவில் பதினெட்டு மான்களை எண்ணினேன், இடுப்பெலும்பு துருத்திய ஒன்று ஒரே இடத்தை மறுபடி மறுபடி குளம்பால் தட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் வேகத்தைக் குறைத்து, அவை தலையைத் தூக்காத தொலைவில் சுற்றிக்கொண்டு போனோம். இந்த நேரத்தில் அவற்றை நூறு மீற்றர் ஓடவைத்தாலும், பச்சை முளைக்கும் ஜூன்வரை தாங்க வேண்டிய கொழுப்பில்தான் அது கழியும்.

எஸ்கர்டாலன் பள்ளத்தாக்கு வழியாக நகரத்தை அடுத்த அட்வென்ட்டாலன் பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் கைத்தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. நகர எல்லையில், கரடிப்படத்தின் கீழே ‘ஸ்வால்பார்ட் முழுமைக்கும் பொருந்தும்’ என்று நோர்வே மொழியில் எழுதிய எச்சரிக்கைப் பலகையருகே வண்டிகளை நிறுத்தி, ரைஃபிள்களிலிருந்து குண்டுகளை வெளியேற்றினோம்.

பதினெட்டாம் நாள், ஏப்ரல் 21

லோங்யர்பியன். 1906இல் அமெரிக்கரான ஜோன் மன்றோ லோங்யர் நிலக்கரிக்காக உண்டாக்கிய குடியிருப்பு. இங்கே எஞ்சியிருந்த கடைசி நோர்வேச் சுரங்கமும் 2025இல் மூடப்பட்டது. விடுதி வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் வழக்கம் மட்டும், நிலக்கரித் தூசியோடு வீடு திரும்பிய சுரங்கத் தொழிலாளர் காலத்திலிருந்து தொடர்கிறது. வாசலில் சப்பாத்தைக் கழற்றுவது எங்களுக்கும் பிறவிப் பழக்கம் ஆகையால் இந்த ஊரில் எனக்கு எப்போதும் ஓர் ஒட்டுறவு உண்டு.

கமராப் பெட்டிகளை உள்ளே கொண்டுபோகவில்லை. இந்தக் குளிரிலிருந்து நேரே சூடான அறைக்குள் போனால் கண்ணாடியின் உட்புறத்தில்கூட நீர் வியர்த்துவிடும். காற்றுப் புகாத பைகளில் இறுக்கிக் கட்டி, சூடேற்றாத முன்கூடத்தில் ஓர் இரவு வைத்து, இன்று காலைதான் அறைக்குள் எடுத்தோம். பதிவு அட்டைகள் மட்டும் நேற்றே உள்ளே வந்து மூன்று வன்தட்டுகளில் படியெடுக்கப்பட்டன. மூன்றையும் மூவர் தனித்தனியே ஒஸ்லோவுக்குக் கொண்டுபோவார்கள்.

காலையில் கூரை விளிம்பில் ஒரு பனிச்சிட்டு பாடியது. தெற்கிலிருந்து இந்தத் தீவுகளுக்குத் திரும்பும் இந்தச் சிறு பாடற்பறவைதான் ஊராருக்கு வசந்தத்தின் செய்தி. ஜன்னலைத் திறந்து ஒலிவாங்கியை நீட்டி ஏழு நிமிடம் பதிந்தேன்.

பிற்பகல் முழுவதும் ஒலியைப் படத்தோடு பொருத்தும் வேலை. பதினெட்டாம் தேதியின் கோப்பைத் திறந்து, பால்குடிக் காட்சியின் முடிவுக்கு வந்தேன். தாய் தலையைத் திருப்புவதற்கு முன்பு காற்று மாறியதா என்று பார்க்க எண்ணி, ஒலிவாங்கியில் பதிந்த காற்றின் அளவைப் பெருக்கிக் கேட்டேன். காற்று மாறவில்லை. அதே மெல்லிய சீறல், அதே பக்கமிருந்து. அதற்கு நடுவே ஒரு சிறு ‘டிங்’. எஃகு கல்லில் படும் ஓசை. என் தேநீர்க் குடுவை.

அந்த ஓசையிலிருந்து படச்சட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஐம்பத்தெட்டாவது சட்டத்தில் அவளுடைய காது அசைகிறது, அறுபத்து மூன்றாவதில் தலை திரும்புகிறது. விநாடிக்கு 25 சட்டங்கள். அன்றைய குளிரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 320 மீற்றர் போகும். 690 மீற்றரைக் கடக்க இரண்டு விநாடிக்குச் சற்று மேல். மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் அதே எண்ணிக்கை.

இரவு உணவின்போது நால்வருக்கும் அதைப் போட்டுக் காட்டினேன். ஒளிப்பதிவாளர் மறுபடியும் ஒருமுறை போடச் சொன்னார். அதன் பிறகு அவர் தன் பெட்டியிலிருந்து துணிநாடாச் சுருளை எடுத்து மேசையில் வைத்தார். அறைக்கு வந்து குடுவையை அடியிலிருந்து கழுத்துவரை இரண்டு சுற்றுச் சுற்றி, மூடியையும் சுற்றி, கல்தரையில் வைத்துப் பார்த்தேன். ஓசை வரவில்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டேன், விமானம் நாளை பிற்பகல்.